எந்தப் பனி

செப்டம்பர் 14, 1998
ஷீமென் ஊர்

என் பயறே, தௌதௌ,

அம்மா எழுதுகிறேன். அங்கே உன் வாய் ஆறிவிட்டதா? சூடாக ஏதாவது குடிக்க முடிகிறதா? என் எழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது, சிரிக்காதே. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் படுத்துகிறது.

இன்று தபால் வண்டியில் உன் சித்தப்பா பாவ்லினின் கடிதம் வந்தது. அவன் தொண்டையில் கட்டியாம். புற்றுதான். நகரத்து ஆஸ்பத்திரியில் கதிர் வைக்கிறார்கள். உனக்கு மருந்து ஏற்றியபோது எப்படி வாயெல்லாம் வெந்து போச்சோ, அப்படியே அவனுக்கும். புண்ணில் தடவ என்னிடம் தர்பூசணிப் பனிப் பொடி கேட்டு எழுதியிருக்கிறான். யாரிடம் கேட்கிறான் பார்த்தாயா? அடுப்படியில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் சூன் வீட்டுக்காரி, "என்னடி, லாட்டரி விழுந்துச்சா?" என்று கத்தினாள். "ஆமாடி, முதல் பரிசு" என்றேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன இலையுதிர் காலத்தில் உனக்காக நாலு பானை தொங்கவிட்டேன். தர்பூசணியைக் குடைந்து பேதியுப்பை அடைத்து, பானையில் மூடி, வடக்குக் கூரையடியில் காற்று அடிக்கும் இடத்தில் கட்டினேன். பன்னிரண்டு நாளில் பானைக்கு வெளியே வெள்ளை பூத்தது. கோழி இறகால் துடைத்து எடுத்து, உன் பழைய நோட்டுக் காகிதத்தில் மடித்து, உன் சித்தப்பா கையில் கொடுத்தேன். அவன் மருந்துக்கடை உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். நான் மாதம் ஒரு முறைதான் வர முடிந்தது. "அம்மா, இந்தத் தடவை எரியுது" என்று நீ எழுதினாய்.

உன்னைப் புதைத்த பிறகு ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தேன். பொட்டலம் இருந்தது. ஆனால் அது உன் நோட்டுக் காகிதம் இல்லை. மடிப்பும் கடைக்கார மடிப்பு. நாக்கில் வைத்தேன். என் பனி நாக்கில் பட்டால் பட்ட இடம் தெரியாமல் கரையும், மூக்குவரை குளிரும். இது பல்லில் நறநறத்தது. நாக்கைப் பிடித்து இழுத்தது. படிகாரமும் பச்சைப் பேதியுப்பும் அரைத்தது. என் பனி எங்கே போனது என்று அவனை நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. காத்துக்கொண்டிருந்தேன்.

அவன் கடிதத்தையும் இதோடு வைக்கிறேன். இறந்தவர்களுக்குக் குளிருக்குக் காகித உடுப்பு எரிக்கிற நாளில் உனக்கு எல்லாவற்றையும் சேர்த்து எரித்து அனுப்புவேன். நீயும் படி.

உன் அம்மா

* * *

செப்டம்பர் 8, 1998
லான்ஜோ

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்த வருஷம் தர்பூசணி விளைச்சல் நல்லபடி என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

என் சேதி நல்லதாக இல்லை. தொண்டையில் வந்த கட்டிக்கு இருபது நாளாகக் கதிர் வைக்கிறார்கள். கட்டி கரைகிறது என்கிறார் டாக்டர். ஆனால் நாக்கு, அண்ணம், கன்னத்து உள்பக்கம் எல்லாம் தோல் உரிந்துவிட்டது. சாப்பிட முடியாமல் எடை குறைந்தால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களாம். பிறகு கட்டி மறுபடி வளரும். ஆஸ்பத்திரியில் கொடுத்த கொப்பளிக்கிற மருந்து தண்ணீருக்குச் சமம். நேற்று ஆறின தினைக் கஞ்சி அரைக் கிண்ணம் குடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

அண்ணி, உங்கள் கையால் செய்த தர்பூசணிப் பனி கொஞ்சம் வேண்டும். அது இருந்தால் விழுங்கிவிடுவேன்.

என் வீட்டுக்காரி சூசின் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் நலம் நாடும்,
பாவ்லின்

* * *

செப்டம்பர் 20, 1998
ஷீமென்

தம்பி பாவ்லினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் உடம்பைப் பற்றிப் படித்ததில் இருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். சூசின் நலமா?

உன் கடையில் சுவர் முழுக்க இழுப்பறை. அதில் பனி என்று சீட்டு ஒட்டிய இழுப்பறையும் பார்த்திருக்கிறேன். அதை எடுத்துத் தடவிக்கொள்ளாமல் என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். உன் சரக்கு உனக்குத் தெரியும்.

பானை கட்டியிருக்கிறேன், ஒன்றுதான். காற்று இன்னும் குளிரவில்லை. பூக்க நாளாகும். அதுவரை பொறுத்துக்கொள். பொறுத்துக்கொள்வது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. சின்னப் பிள்ளைகளே பொறுத்துக்கொள்கிறார்கள்.

பேரிக்காய்ச் சாறு குளிர்ச்சி. குடித்துப் பார்.

அண்ணி

* * *

அக்டோபர் 24, 1998
ஷீமென்

தம்பி பாவ்லினுக்கு,

நலமா? உன் இரண்டாவது கடிதமும் மூன்றாவது கடிதமும் கிடைத்தன. தர்பூசணி கொண்டு போகிற லாரிக்காரனிடம் பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லாரும் நலம்.

அண்ணி

* * *

நவம்பர் 3, 1998
லான்ஜோ

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். பொட்டலம் வந்து சேர்ந்தது. நன்றி.

ஒரு சின்னச் சந்தேகம். பொட்டலத்தின் மேல் "பனி" என்று ஒரே ஓர் எழுத்து மட்டும் எழுதியிருக்கிறீர்கள். முன்னால் ஒன்றும் இல்லை. நம் மருந்துக்கடையில் பனி என்று முடிகிற வெள்ளைப் பொடி ஒன்று மட்டும் இல்லை, அண்ணி. தர்பூசணிப் பனி இருக்கிறது, அது வாய்ப்புண்ணுக்கு. பாஷாணப் பனி இருக்கிறது, அது எலிக்கு. இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால்தான் எந்தக் கடைக்காரனும் வெறும் "பனி" என்று எழுத மாட்டான்.

உங்களுக்கு எழுத்து அதிகம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் சீன எழுத்தில் பனி என்பதற்குப் பதினேழு கோடு போட வேண்டும். தர்பூசணிக்கு இரண்டு எழுத்தும் சேர்த்துப் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற எழுத்துகள். கஷ்டமானதைத் தப்பில்லாமல் எழுதிவிட்டு லேசானதை விட்டிருக்கிறீர்கள்.

எந்தப் பனி என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதுவரை பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். வலி அதிகம்.

பாவ்லின்

* * *

நவம்பர் 20, 1998
ஷீமென்

தம்பி பாவ்லினுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? என் முழங்கால் பரவாயில்லை. சூன் வீட்டுக்காரியின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்று கிலோ. நல்ல தொண்டை, ஊரே கேட்க அழுகிறது.

பனியைப் பற்றிக் கேட்டிருந்தாய். போன செவ்வாய்க்கிழமை முதல் பனி விழுந்தது. விடிந்து பார்த்தால் கூழாங்கல் பரப்பின வயல் முழுக்க வெள்ளை. முட்டைக்கோஸ் கருகிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, முதல் பனியில் எது பிழைக்கும் எது சாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு எழுத்து வராது என்று உன் அண்ணன் இருந்த காலத்தில் இருந்தே நீ ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாய். இப்போது என் எழுத்தைக் கோடு கோடாக எண்ணுகிறாய். சந்தோஷமாக இருக்கிறது.

குளிரில் வெளியே போகாதே.

அண்ணி

* * *

டிசம்பர் 2, 1998
லான்ஜோ

அன்புள்ள அக்காவுக்கு,

சூசின் எழுதுகிறேன். நலமாக இருக்கிறீர்களா? அவரால் பேனா பிடிக்க முடிகிறது. ஆனால் உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கும் அவருக்கும் நடுவில் என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டால் எரிந்து விழுகிறார். பொட்டலத்தைப் பிரிக்கிறார், முகர்கிறார், மடிக்கிறார், தலையணைக்கு அடியில் வைக்கிறார். எடை போட்டுப் பார்த்த டாக்டர் கதிர் வைப்பதைத் தள்ளிப் போட்டுவிட்டார். "முதல்ல சாப்பிடச் சொல்லுங்கம்மா" என்றார். எதை வைத்துச் சாப்பிடுவது?

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க பாருங்க, நானே தின்னு காட்டறேன்" என்று விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அக்கா, அப்படி ஒரு குளிர்ச்சி. நாக்கில் ஒன்றுமே மிச்சம் இல்லாமல் கரைந்துவிட்டது. "அண்ணியோட சரக்குதான், தடவுங்க" என்றேன்.

"பாஷாணத்துக்கும் ருசி கிடையாதுடி. கடைக்காரன் நானா நீயா?" என்றார்.

பிறகு பொழுது சாயும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுகிறேனா என்று! இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினவளை அப்படிப் பார்க்கிறார். நான் விழவில்லை. "துளி தின்னா விழமாட்ட. தினம் தினம் தடவினாத்தான் வேலை செய்யும்" என்றார்.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். உங்கள் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
சூசின்

* * *

டிசம்பர் 10, 1998
ஷீமென்

தம்பி பாவ்லினுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. சூசின் எழுதிவிட்டாள்.

நீயும் ஒரு வார்த்தை கேட்கிறாய், நானும் ஒரு வார்த்தை கேட்கிறேன். போன வருஷம் நாலு பானைப் பனியை உன் கையில் கொடுத்தேன். தௌதௌவின் வாய்க்கு அது போகவில்லை. எங்கே போனது? அவளுக்கு நீ கொடுத்தது என்ன? உன் கையால் எழுது. சூசின் கையால் வேண்டாம்.

எழுதினால், எந்தப் பனி என்று சொல்கிறேன். மறைத்தால் வசந்த காலம்வரை நான் வானிலை எழுதிக்கொண்டிருப்பேன். என்னிடம் காகிதம் நிறைய இருக்கிறது. அவள் நோட்டுகள் ஒரு பெட்டி முழுக்கக் கிடக்கின்றன.

யின்ஜு

* * *

டிசம்பர் 21, 1998
லான்ஜோ

அண்ணிக்கு,

எழுதுகிறேன். இது உங்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும் என்று பொட்டலத்தைப் பார்த்த அன்றே புரிந்துகொண்டேன்.

போன வருஷம் என் கடை உரிமத்தைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியின் மாமியாருக்கும் புற்று, அதே வைத்தியம், அதே வாய்ப்புண். "வீட்டுச் சரக்கு அசல் பனி இருக்கு" என்று என் வாயே சொல்லிவிட்டது. பாதி கொடுக்கலாம் என்றுதான் போனேன். அந்த அம்மாள் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் கேட்டாள். கொடுத்தேன். உரிமம் வந்தது. தௌதௌவுக்குக் கடையில் இருந்ததை மடித்துக் கொடுத்தேன். அதில் படிகாரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நான்தான் அரைத்தேன். ஒரு வாரத்தில் உங்களிடம் வேறு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். கேட்க முகம் இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

அவள் இரண்டு நாள் தடவினாள். மூன்றாம் நாள், "சித்தப்பா, எனக்கு இது வேணாம்" என்று பொட்டலத்தைத் தள்ளிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். சும்மா விட்டிருந்தால் புண் அந்த அளவோடு நின்றிருக்கும். ஆறாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அவளுக்குக் காய்ச்சல், எழுந்து படிக்க முடியவில்லை. நான்தான் வாசித்துக் காட்டினேன். மறந்துவிட்டீர்களா? எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அம்மா கையால செஞ்சது. அழாம மூணு வேளையும் தடவு, என் தங்கம்."

இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு கையை நீட்டினாள்.

நான் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசிவரை மூன்று வேளையும் விடாமல் தடவினாள்.

இப்போது சொல்லுங்கள். எந்தப் பனி?

பாவ்லின்

* * *

ஜனவரி 11, 1999
ஷீமென்

தர்பூசணி.

யின்ஜு

* * *

ஜனவரி 30, 1999
லான்ஜோ

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு வார்த்தைக்கு ஒரு தபால்தலை. இருந்தாலும் ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். "பாருங்க, தர்பூசணின்னு எழுதிட்டாங்க! எழுந்திரிங்க, வாயைத் திறங்க."

வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார், அக்கா. உதடு வெடித்து ரத்தம் வந்தது.

"இவ்வளவு நாள் எழுதாதவ, நான் அப்படி ஒரு கடுதாசி போட்டப்புறம் எழுதறாளாம். பொய்டி. அவ இடத்துல நான் இருந்தா இப்பத்தான் பொய் எழுதுவேன்" என்றார்.

கெஞ்சினேன். திட்டினேன். தூங்கும்போது தடவிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன், கடித்துவிட்டார். தழும்பு இருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், அதையும் பிடுங்கிப் போட்டார். இருபத்தாறாம் தேதி காலையில் போய்விட்டார். கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தது என்று டாக்டர் சொன்னார். உடம்பில் ஒன்றும் இல்லாமல்தான் போனார்.

பொட்டலம் அப்படியே இருக்கிறது. அவர் உங்களுக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் நீங்கள், உங்களிடம் நான் சண்டை போட முடியாது. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். நவம்பரிலேயே அந்த வார்த்தையை எழுதியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

இனிமேல் கடிதம் போட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூசின்

* * *

பிப்ரவரி 8, 1999
ஷீமென்

என் தௌதௌ,

வருஷப் பிறப்புக்கு இன்னும் எட்டு நாள். இன்று அடுப்புச் சாமிக்கு இனிப்பு வைத்தேன். சாமி மேலே போய் நம் வீட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று வாயில் சர்க்கரைப் பாகு தடவுவோமே, அதுவும் தடவினேன். என்னைப் பற்றி என்ன சொல்லுமோ.

உன் சித்தப்பா போய்விட்டான். கடிதங்கள் எல்லாம் இதோடு இருக்கின்றன. இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை, நான் போட்டதையும் நகல் எழுதி வைத்திருக்கிறேன். அவனைப் பட்டினி போட்டே கொன்றுவிட்டேன். அதற்காக நான் அழவில்லை. அழுவேன் என்று எதிர்பார்க்காதே. வாய் வெந்து, தண்ணீர் இறங்காமல், கையில் மருந்தை வைத்துக்கொண்டு தொட முடியாமல் அவன் கிடக்க வேண்டும் என்றுதான் அந்த ஒரே எழுத்தை எழுதினேன். கிடந்தான். பதினேழு கோட்டையும் எவ்வளவு பொறுமையாகப் போட்டேன் தெரியுமா? உன் பெயரைக்கூட அவ்வளவு அழகாக எழுதினது இல்லை.

கடைசியில் நிஜத்தையும் எழுதினேன். இரக்கப்பட்டு எழுதினேன் என்று நினைக்காதே. அவன் கடைசிக் கடிதம் வந்த பிறகு பதினைந்து நாள் என்னால் எதையும் கையில் எடுக்க முடியவில்லை. கரண்டியைக்கூட. அவனுக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் மிச்சம் இல்லை, அதனால் எழுதினேன்.

உனக்கு எழுதின அந்தக் கடிதத்தை நான் மறக்கவில்லை. அவன் சொன்ன வார்த்தைகள் சரிதான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். கீழே, "தடவினதா சித்தப்பாகிட்ட சொல்லி எனக்கு எழுதச் சொல்லு" என்று இருந்தது. நீயும் எழுதச் சொன்னாய். "தடவறேன் அம்மா" என்று வந்தது. ஊருக்கெல்லாம் படித்துக் காட்டினேன். "என் பொண்ணு சொன்ன பேச்சு கேப்பா" என்று சூன் வீட்டுக்காரியிடம் பெருமை அடித்தேன்.

இத்தனை நாள் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், நீ ஏமாந்துபோய்த் தடவினாய் என்று. அம்மாவுடையது என்று நம்பினாய், அவன் ஏமாற்றினான் என்று. அப்படி நினைத்தால் அவனைத் திட்ட முடிந்தது. படுத்தால் தூக்கமும் வந்தது. ஆனால் ஆறு வயதில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பானையை நக்குவாயே, வாயைச் சுற்றி வெள்ளையாக வந்து நிற்பாயே. வருஷா வருஷம் இறகால் எடுத்த முதல் பனியை உன் நாக்கில் வைத்துத்தானே பதம் பார்ப்பேன். "இன்னும் ரெண்டு நாள் விடும்மா" என்று சொல்கிற நாக்கு. அந்த நாக்குக்கு இரண்டு நாள் தடவியும் தெரியாமலா இருந்திருக்கும்?

சூன் வீட்டுக்காரி கதவைத் தட்டுகிறாள். அவள் பேத்திக்கு வாயில் வெள்ளை படர்ந்திருக்கிறதாம், பனி இருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லச் சொல்லிப் படுத்துக்கொண்டேன். யாரிடம் சொல்லச் சொன்னேன் என்று தெரியவில்லை, வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

தௌதௌ, அம்மாவுக்கு இதை மட்டும் சொல். அது என் கைப் பனி இல்லை என்று தெரிந்துதான், நான் எழுதிவிட்டேனே என்பதற்காகக் கையை நீட்டினாயா?